திரைக்கயிறு அவள் கையில்

அந்த மலை நகரத்தில் நாடகம் என்றால் பகல் இரண்டு மணிக்குத்தான். ஐந்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் மூடுபனி இறங்கிவிடும், கடைசி பஸ் போய்விடும். கைதட்டல்கூட அங்கே அவசர கைதட்டல்தான். முடிந்ததும் திரையை மூடி, மறுபடி திறந்தால் நடிகர்கள் வந்து கும்பிடுவார்கள். எத்தனை தடவை திறப்பது என்பது கயிறு இழுப்பவர் பாடு. பதினெட்டு வருஷமாக அந்தக் கயிறு அவள் கையில்.

அதற்கு முன்னே அவள் வீட்டுக்காரர் கையில் இருந்தது. தங்கமான மனுஷன். காப்பி கொஞ்சம் கூடினாலே தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுவார். அவரைப் போய்க் குடிகாரன் என்றார் நாடகக் குழுவின் பெரியநடிகர்.

நடந்தது இதுதான். வசனம் மறந்து பின்னால் நகர்ந்த பெரியநடிகர் திரை ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றார். அவள் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கயிற்றை இழுத்தார். திரை டர்ரென்று கிழிந்தது, அரங்கமே சிரித்தது. தன்னைப் பார்த்து ஊர் சிரித்ததைப் பெரியநடிகரால் பொறுக்க முடியவில்லை. "குடிச்சிட்டு இழுத்தான்" என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, "தங்கச்சி, இன்னும் ஒரு கரண்டி போடு" என்று வாங்கித் தின்ற வாய்! நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும்.

வீட்டுக்காரருக்கு வேலை போனது. அவர் தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே தள்ளாடி நடந்து காட்டின. மூன்றாம் வருஷம் மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

அந்த மாசமே நிர்வாகத்துச் செயலாளர், கயிறு இழுக்க வரச்சொல்லி அவள் வாசலில் வந்து நின்றார். பனி குடித்த கயிறு உப்பிப்போய் உருளையில் சிக்கும். காலையிலேயே அடுப்புச் சூடு காட்டி வைத்தால்தான் ஓடும். இது அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். நடுவில் வைத்த மூன்று ஆம்பிளைகளுக்கும் தெரியவில்லை. அவள் மறுபேச்சில்லாமல் போனாள். ரோஷம் கெட்டவள் என்று ஊர் பேசியது. பேசட்டும். பொறுத்தார் பூமி ஆள்வாராம். பூமி யாருக்கு வேண்டும்? அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

பெரியநடிகரின் கடைசி நாடகம் வந்தது. காலையிலேயே வந்து பல்லைக் காட்டினார். "தங்கச்சி, இன்னிக்கு ஏழு தடவையாவது திறக்கணும்."

"பாக்கலாம் அண்ணே."

நாடகம் முடிந்தது. திரை மூடியது. வெளியே கைதட்டல் ஓட்டுக் கூரையில் மழை மாதிரி. பெரியநடிகர் வியர்வையைத் துடைத்து, மார்பை நிமிர்த்தி நின்றார். திரை அசையவில்லை.

"கயிறு சிக்கிக்கிச்சா?"

"கயித்துக்கு ஒண்ணுமில்ல. அவரு குடிக்கலன்னு சொல்லுங்க, திறக்கறேன்."

"எவரு?"

"என் வீட்டுக்காரரு."

அவர் முகத்து ஒப்பனை மாவு வெடித்தது. "அந்தப் பழங்கதைய இப்பப் போயா எடுக்கறே?"

"இப்பத்தான். நாற்காலி சத்தம் கேக்குதா? ஜனங்க எழுந்திரிக்கறாங்க."

கயிறு கட்டிய இரும்புக் கொக்கியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். கூட நடித்தவர்கள் ஒருத்தரும் நகரவில்லை. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அங்கே யார்?

"சரி, குடிக்கல. போதுமா?" என்று முணுமுணுத்தார்.

"அது எனக்குத் தெரியுமே! எனக்கெதுக்குச் சொல்றீங்க? கடைசி வரிசை வரைக்கும் கேக்கற தொண்டைதானே உங்களுது?"

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கைதட்டல் மெலிந்தது. பெரியநடிகர் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். "அவன் குடிக்கல! நான்தான் திரைய மிதிச்சேன்! நான்தான் பொய் சொன்னேன்!"

அவள் இழுத்தாள். வெண்ணெய் போலத் திரை விலகியது. பாதி அரங்கம் நின்றுகொண்டிருந்தது. அவர் கும்பிட்டார். ஒரு கைகூடத் தட்டவில்லை. பூங்கொத்தோடு முன்வரிசையில் நின்ற செயலாளர் அதை நாற்காலியில் வைத்துவிட்டார். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் பெரியநடிகர் நின்றார். நிற்கட்டும் என்று நிதானமாக நூறு எண்ணிவிட்டுத்தான் அவள் திரையை மூடினாள். மனசு குளிர்ந்ததா என்றால், நன்றாகவே குளிர்ந்தது.

செயலாளர் ஓடி வந்தார். "என்னம்மா, இப்படிப் பண்ணிட்டியே!"

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பஸ்ஸுக்குப் போனவங்களுக்குக் கேட்டிருக்காது. நாளைக்கு நாடகத்துக்கு முன்னாடி மேடையேறி நீங்க சொல்லிடுங்க. சொன்னப்புறம் திறக்கறேன்."