சம்பந்தி உயர்த்திய கை

சென்ற ஆண்டு தை மாதத்தில், சேலையூர் கேம்ப் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்த ஒரு நீச்சல் குளத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு வயது அறுபத்து மூன்று. முழங்கால் தேய்மானத்திற்கு நீச்சல் நல்லது என்று மருத்துவர் சொன்னதால், காலை ஏழு மணி வகுப்பில் சேர்ந்திருந்தேன். இரும்புலியூரிலிருந்து என் சம்பந்தியும் வந்து சேர்ந்துகொண்டார். தம் ஒரே மகளை என் மகனுக்குக் கொடுத்தவர். வயதில் என்னைவிட மூத்தவராயினும், திருமணம் முடிந்த நாள் முதல் நான் சொன்ன எதற்கும் அவர் மறுசொல் சொன்னதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் பயிற்சியாளர் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த இளம்பெண்; வாட்டர் போலோ ஆடியவர். வெறுமனே நீந்திச் சலித்திருந்த எங்களுக்கு அவ்விளையாட்டைக் கற்பிக்கத் தொடங்கினார். தரையைத் தொடாமல், முட்டையை அடித்துக் கலக்குவது போலக் கால்களைச் சுழற்றி மிதந்தபடியே, ஒற்றைக் கையால் பந்தை எடுத்துக் கோல் வலைக்குள் எறிய வேண்டும். எறிவது கையின் வேலை என்று எண்ணியிருந்தேன். அது காலில் தொடங்கி, இடுப்பில் திரும்பி, மணிக்கட்டில்தான் முடிகிறது என்பது விளங்கவே எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

சம்பந்தி கோல் காப்பார், நான் எறிவேன். எறிந்த பந்தெல்லாம் அவர் கைக்கே பதமாகப் போய்ச் சேரும்.

"இன்னா சார், கோல் போடுறீங்களா, தாம்பூலம் குடுக்குறீங்களா?" என்றார் பயிற்சியாளர்.

"சம்பந்தி மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா அடிக்கிறது?"

"தண்ணில எறங்கிட்டா சம்பந்தி கிம்பந்தி எல்லாம் இல்ல சார். அவரு கோல் காக்குற கோலி, அவ்ளோதான்."

"சும்மா அடிங்க சம்பந்தி, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று கோலுக்குள்ளிருந்து சிரித்தார் அவர்.

பிறகு பயிற்சியாளர் போக்குக் காட்டும் முறையைக் கற்றுத் தந்தார். "பந்தைத் தூக்கி அடிக்கிற மாதிரி காட்டுங்க சார். அவரு கைய தூக்கிக்கினு மேல வருவாரு. ரொம்ப நேரம் நிக்க முடியாது, எறங்கித்தான் ஆவணும். எறங்குற நேரம் பாத்து காதாண்ட அடிங்க."

பல நாள் முயன்றும் அது கைகூடவில்லை. சம்பவம் நடந்த அன்று காலை, பயிற்சியாளர் ஆழமற்ற பக்கத்தில் ஓர் அம்மையாருக்குக் காலடிக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆழமான பக்கத்தில் நாங்கள் இருவர் மட்டுமே. நான் பந்தை உயர்த்திப் போக்குக் காட்டினேன். சம்பந்தியின் வலக்கை உயர்ந்தது. பொறுத்தேன். மறுபடியும் காட்டினேன். மறுபடியும் கை உயர்ந்தது. நீர் அவர் வாயளவில் இருந்தது; கண்கள் என்னையே பார்த்தன. பிறகு அவர் இறங்கத் தொடங்கினார்.

நான் கற்றுக்கொண்டது அந்தக் கணத்திற்காகத்தான். முழு வலுவுடன் எறிந்தேன். பந்து அவர் காதை உரசிக்கொண்டு வலைக்குள் பாய்ந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட முதல் கோல். "கோல்" என்று கூவித் தண்ணீரைத் தட்டினேன். அவருடைய பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அவர் தலை மேலே வரவில்லை. பந்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பந்தோ வலைக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நீருக்கு அடியில் ஓர் உள்ளங்கை விரிந்து மூடுவதைக் கண்டேன். கத்த வாய் திறந்தேன், குரல் எழவில்லை. இரண்டாம் முறைதான் "அம்மா, இங்க வாம்மா" என்று வந்தது. நான் தட்டுத்தடுமாறி அவரை நெருங்குவதற்குள் அந்தப் பெண் என்னைக் கடந்து மூழ்கி, அவர் தாடையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார். இருவருமாக இழுத்துக் கரையேற்றினோம். தண்ணீரைக் கக்கி இருமினார். அவருடைய இடது கெண்டைக்கால் கட்டைபோல் இறுகியிருந்தது.

மூச்சு சீரானதும் பலகையில் உட்கார வைத்தோம். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்த பயிற்சியாளர் அவர் முன் மண்டியிட்டுக் காலை நீவினார்.

"எப்ப சார் புடிச்சுது?"

"முன்னாடியே புடிச்சுது. ரெண்டு தடவ கை காட்டினேனே."

அவர் அபயம் கேட்டு உயர்த்திய கையை, நான் என் போக்குக்கு ஏமாந்த கை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கை காட்டுனா அவருக்கு இன்னா தெரியும்? கோலி கைய தூக்கத்தான செய்வான். புடிச்ச ஒடனே ஒரு கொரல் குடுத்திருந்தா நான் ஓடியாந்திருப்பேன்ல?"

சம்பந்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஈரத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவரு ஆசையா அடிக்க வராரு. நடுவுல போய் கத்தி கலாட்டா பண்றதா? என்ன இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கம்மா."

அந்தப் பெண் நீவுவதை நிறுத்திவிட்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நிற்பதைக் கவனித்த சம்பந்தி, அந்த நிலையிலும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

மருத்துவமனையில் பரிசோதித்து, பயமில்லை என்று மாலையே அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து இருவரும் மீண்டும் குளத்திற்குச் சென்றோம், இன்றும் செல்கிறோம். நீரில் மூழ்கிய மனிதரைக் கண்ட அதிர்ச்சி நாளடைவில் தணிந்துவிட்டது. மூச்சு முட்டும் வேளையிலும் அவர் வாயை அடைத்தது தண்ணீர் மட்டுமன்று, நான் விரும்பி ஏற்றுக்கொண்டிருந்த மரியாதையும்தான் என்பது மட்டும் தணியவில்லை. எங்கள் வீட்டில் வாழும் அவர் மகள், நான் சொல்லும் எதற்கும் "சரி மாமா" என்றுதான் சொல்வாள். அன்று முதல் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அது சம்மதம்தானா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் நான் அவ்விடத்தை விட்டு நகர்வதில்லை.