ஸ்பாய்லருக்கு விழுந்த மாலை

மாச்சாப் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் குமரனின் வண்டி நான்கு சிக்னலும் மின்ன நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் மணப்பெண்ணான அவன் தங்கை கவிதா, பக்கத்தில் அவர்களுடைய அம்மா. பத்தரைக்கு மூவாரில் முகூர்த்தம். அப்போது மணி எட்டேகால். உறவினர்களோடு பின்னால் வேனில் வந்துகொண்டிருந்த நான் இறங்கி ஓடினேன். ஓடும் வயதில்லை.

அந்த வண்டியின் சூட்டுக்குப் பொறுப்பு நான்தான். சிங்கப்பூர் சம்பளத்தையெல்லாம் அதில் கொட்டிய குமரன், மாசாயில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணித்து வேகமேற்றும் டர்போவில் பெரியதாகக் கேட்டான். பெரிய டர்போ என்றால் பெரிய சூடு. டர்போவுக்கு வெப்பத்தடுப்புப் போர்வை போட்டேன். எக்சாஸ்ட் பைப்புக்கு நாடா சுற்றினேன். சூடான காற்று மேலே போக போனட்டில் ஆறு துவாரம் வெட்டினேன். பாசீர் கூடாங் வரை மூன்று முறை ஓட்டி, எஞ்சின் தண்ணீரின் சூடு 92 டிகிரியைத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தேன். பின்னால் அவனே மாட்டியிருந்த மேசை அகல இறக்கையை, அந்த ஸ்பாய்லரைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“இது எதுக்குடா? துணி காயப்போடவா?”

“அங்கிளுக்கு ஸ்டைல் தெரியாது லா.”

இப்போது அவன் முகத்தில் ஸ்டைல் இல்லை.

“112 காட்டுது அங்கிள். உங்க வேலைல ஏதோ தப்பு போல.”

இந்தத் தொழிலில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போனட்டைப் பார்த்தேன். துவாரங்களை எண்ணப் போனால் ஒன்றுகூட இல்லை. ரோஜா ஒட்டிய இதய வடிவப் பலகை ஒன்று ஆறையும் மூடி, டேப் ஒட்டி உட்கார்ந்திருந்தது. முன்புற கிரில்லின் மேல் என் கை தடிமனுக்குச் செவ்வந்தி மாலை, மூன்று சுற்று. வெந்த பூ வாசனை வேறு.

“ஓட்டையெல்லாம் எங்கடா?”

“பூ அலங்காரம் செஞ்சவரு, ஓட்டை தெரிஞ்சா படத்துல அசிங்கமா இருக்கும்னாரு.”

“காத்து உள்ள வர வழியும் இல்ல, வெளிய போற வழியும் இல்ல. கழட்டு எல்லாத்தையும்.”

அம்மா கண்ணாடியை இறக்கினார். “கல்யாண வண்டில மாலைய கழட்டுறதா? நல்ல காரியத்துக்குப் போறப்ப ஏன் அண்ணே இப்படி பேசுறீங்க?”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, முள் 114-க்கு ஏறியது. பட்டுப்புடவையோடு கவிதா எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, மாலை இல்லாம அங்க கல்யாணம் நடக்கும். நான் இல்லாம நடக்காது.”

அம்மாவின் நம்பிக்கைக்கும் பங்கம் வரக்கூடாது, எஞ்சினும் பிழைக்க வேண்டும். மாலையை அவிழ்த்து ஸ்பாய்லரில் மூன்று சுற்றுச் சுற்றினேன். “கழட்டல தங்கச்சி. இடம் மாத்தியிருக்கேன்” என்றேன். ரோஜா இதயம் வேனில் ஏறியது. எஞ்சினை அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று இன்னும் சுடும்; அதனால் அணைக்காமல், ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். வண்டி செய்த ஜப்பான்காரன் அவன் ஊர்க் குளிருக்கு வைத்தது. எஞ்சின் சூட்டை வண்டிக்குள்ளே இழுத்துக்கொள்ளும். ஜொகூரில் அதைத் தொட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“அலமாக், அங்கிள்” என்று அலறினாள் கவிதா. “மேக்கப் வழியுது. மாப்பிள்ளைக்கு அடையாளம் தெரியலைன்னா நீங்கதான் சாட்சி சொல்லணும்.”

“சொல்றேன். இன்னும் நாலு டிகிரி பொறுத்துக்கம்மா.”

எட்டு நாற்பதுக்கு முள் 96-இல் நின்றது. பாதி ஹீட்டரோடு புறப்பட்டார்கள். மூவார் மண்டப வாசலில் இறங்கியபோது மணி பத்து பத்து. மாப்பிள்ளைக்கு அடையாளம் தெரிந்தது.

எஞ்சின் சூட்டைக் குறைக்கப் புறப்படுகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: போர்வையும் நாடாவும் பிறகு. காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த இரண்டு வழிகளையும் வண்டிக்காரர் என்ன செய்வார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போனட்டில் கத்தி வைக்கும் முன் நான் இப்போது கேட்கும் கேள்வி, “வீட்டுல கல்யாணம் ஏதும் இருக்கா?”

அன்று மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு இளைஞர்கள் வண்டியைச் சுற்றி நின்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். பிறகு மாசாயில் இரண்டு கல்யாண வண்டிகளைப் பார்த்துவிட்டேன், ஸ்பாய்லரில் மாலையோடு. இரண்டிலும் டர்போ கிடையாது.