எலும்புக்கு முன் காகிதத்தை வெட்டியவர்

செவ்வாய்க்கிழமை காலை வார்டில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போடும் அறையிலிருந்து உதவியாளர் தணிகாசலம் வேகமாக வந்தார். "சிஸ்டர், தரணேந்திரன் டாக்டர் போயிட்டாராம். விடியக்காலைல மாரடைப்பாம். ஊர்லருந்து ஆள் வந்து வாசல்ல நின்னுக்கினு இருக்காங்க" என்றார். தண்ணீர் சுண்டி ஊசிகள் கருகும் வாடை வந்த பிறகுதான் அடுப்பின் நினைவு எனக்கு வந்தது. முந்தைய நாள் மாலைகூட டாக்டர், ஒரு பெண் குழந்தையின் எக்ஸ்ரே படத்தை மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். படம் எடுத்தபோது பாதம் திரும்பியிருந்ததாம்.

டாக்டர் தரணேந்திரன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் எங்கள் மருத்துவமனைக்கு எலும்பு மருத்துவராக வந்தார். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம். நெல் விளையும் நிலமும் வீடும் அங்கேதான். சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. ஆனால் பொழுது சாய்வதை அவர் கவனித்ததே இல்லை. சாப்பாட்டு டப்பாவை நான் எடுத்து நீட்டும்போது ஜன்னலைப் பார்த்து, "போயிடுச்சே சிஸ்டர், இருட்டிடுச்சே" என்று கையைப் பிசைவார். எத்தனையோ இரவுகள் பட்டினிதான்.

வளைந்த கால்களே அவருடைய கவலை. முழங்கால்கள் இரண்டும் உரசிப் பாதங்கள் தள்ளி நிற்பவர்கள், வில்போல வெளியே வளைந்தவர்கள், உடைந்த எலும்பு கோணலாகக் கூடியவர்கள் எனப் பலர் வருவார்கள். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரே படத்தில் வராது. இரண்டு படங்களை ஒட்டி ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மெல்லிய காகிதத்தில் எலும்பை வரைவார். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு. அது முழங்காலின் நடுவே போகிறதா, விலகுகிறதா என்று பார்ப்பார். பிறகு கத்தரியால் காகித எலும்பை வெட்டி, ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, மீதியைச் சேர்த்து ஒட்டுவார். பிடிக்காமல் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைவார். "கண்ணுக்குத் தெரியற இடத்துல கோணல் இருக்காது சிஸ்டர். தப்பான இடத்துல வெட்டினா ஒரு கோணல் ரெண்டாயிடும்" என்பார். மற்ற மருத்துவர்கள் அவரைத் தையற்காரர் என்று கேலி செய்தார்கள். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

அவர் வந்த சில வருடங்களில் பிள்ளையார்பாளையத்திலிருந்து பத்மா வந்தாள். பட்டுத் தறியில் உட்காருகிறவள். வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியிருந்தது. தறிக்குழியில் காலை விட்டு மிதிகட்டையை மிதித்தால் உச்சிப்பொழுதுக்குள் வலி தாங்காது. அவள் கணவர் முருகேசனுக்கு அறுவைச் சிகிச்சையில் விருப்பமில்லை. "கோணலா இருந்தாலும் நடந்துக்கினுதானே கீறா? வெட்டிட்டு நடக்கலைன்னா?" என்று கேட்டார். பத்மாதான், "வலி உனக்கா எனக்கா? நீ சும்மா இருய்யா" என்று அவர் வாயை அடைத்தாள்.

முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் வெட்டு. காகிதத்தில் வந்த கோணம் அப்படியே எலும்பிலும் வந்தது. கால் நேராக நின்றது. இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டோம். டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை, அந்தக் காலின் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். பத்மா முயன்றாள். விரல் அசையவில்லை. "தூக்கறனே சார்" என்றாள். தூக்கிவிட்டதாகவே நினைத்திருந்தாள். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அத்தனை நாள் வளைந்தே இருந்த காலை ஒரேயடியாக நிமிர்த்தியதில், முழங்காலின் வெளிப்பக்கத்து நரம்பு இழுபட்டிருந்தது.

அவர் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. மாவுக்கட்டை நெடுகக் கீறிப் பிளந்தார். முழங்காலைச் சற்று மடக்கி, தாம் நிமிர்த்திய காலைத் தம் கையாலேயே கொஞ்சம் பழைய கோணலுக்கு விட்டார். பகல் முழுவதும் வார்டில் நடந்துகொண்டே இருந்தார். கட்டில்வரை வருவார், "தூக்கும்மா" என்பார், திரும்பிப் போவார். முருகேசன் சுவரோரம் நின்று அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். வருகிறபோது டாக்டரும் அந்தப் பார்வையைத் தவிர்க்கவில்லை. ஒருமுறை நின்று, "நீங்க கேட்டது சரிதாம்பா. எனக்கும் அதே பயம்தான்" என்றார்.

மாலையில் விரல் துடித்தது. பிறகு, மெதுவாக, எழுந்தது. டாக்டர் வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அருகே போனபோது, "காகிதத்துல எலும்பை மட்டும்தான் வரைஞ்சேன் சிஸ்டர்" என்றார்.

அதன்பின் வாரம்தோறும் மாவுக்கட்டின் ஒரு பக்கத்தைக் கீறி, மரத்துண்டு செருகிச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கச் சொல்வார். இன்னும் சற்றுக் கோணல் மிச்சமிருக்கையில் பத்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "போதும் சார். தறி மிதிக்க இது போதும்." அவர் நெடுநேரம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் கால்மா, நீ சொன்னா சரி" என்றார். அன்றுமுதல் அவர் வரைந்த எல்லாக் காகிதங்களிலும் எலும்பின் வெளிப்பக்கமாக, நரம்புக்கென்று ஒரு சிவப்புக் கோடும் இருந்தது. எத்தனையோ கால்கள் அவர் கையால் நேராயின. அந்த ஒரு காலின் மிச்சக் கோணல் மட்டும் அவரை விட்டபாடில்லை.

அவருடைய ஊர் வீட்டுக்கு நாங்கள் போனபோது முற்றம் நிறைந்திருந்தது. பத்மாவும் முருகேசனும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க பாத்தாலும் என் காலைத்தான் பாப்பாரு சிஸ்டர். கோயில்ல பாத்தாலும் காலுதான், கடைத்தெருவுல பாத்தாலும் காலுதான். ஒருநாளும் மூஞ்சியைப் பாத்ததில்ல. போன மாசம் என்னமோ நிமிந்து பாத்து, 'நல்லா இருக்கியா பத்மா'ன்னு கேட்டாரு. எனக்கு வாயே வரல. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். பத்மா படியிறங்கித் தெருவுக்கே வந்து, போகிறவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"நல்லா இருக்கேன் சார்."

போய் வாருங்கள், டாக்டர்.