நாடிவரை பலகை, உச்சிவரை மெழுகுதிரி

மகளுக்கு எந்த அளவில் பலகை வாங்குவது?

என் கணவர் தொலைபேசியில் இப்படிக் கேட்டு இரண்டு கிழமைக்கு மேலாகிறது. இன்னும் நான் பதில் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்து சொல்வதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் தினமும் நினைக்கிறேன். பிறகு ஒரு வேலை வந்துவிடுகிறது.

அவர் கேட்பது பனியில் சறுக்குகிற பலகை. நாங்கள் இருப்பது இலங்கையில், கற்பிட்டிப் பக்கம், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்கிற உப்பங்கழியுமாக. மீன் பெட்டிக்குள் நொறுக்கிப் போடுகிற ஐஸைத் தவிர என் மகள் வேறு பனி கண்டதில்லை.

அவர் களப்பில் வெளிநாட்டுக்காரருக்குக் கைட் பழக்கியவர். மேலே பெரிய பட்டம் காற்றில் இழுக்க, காலில் பலகையோடு தண்ணீரில் ஓடுகிற விளையாட்டு. அவரிடம் பழகிய ஒரு குடும்பம் ஐரோப்பாவில், மலையில், விடுதி நடத்துகிறது. அங்கே சமையலறை வேலைக்குக் கார்த்திகையில் போனார். வைகாசியில் சோளகக் காற்று எழும்பிக் கைட் பருவம் தொடங்கும்போது திரும்பி வருவதாகத்தான் பேச்சு.

ஓய்வு நேரத்தில் பனியில் ஏறிப் பழகினார். பலகையில் நின்று பழகிய கால், சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ஓரத்தில் சாய்ந்து பனியைக் கீறிக்கொண்டு திரும்பக் கற்றுக்கொண்டால் பழக்குநர் பரீட்சைக்குப் போகலாம், வேலை நிரந்தரமாகும் என்றார் விடுதிக்காரர். அதற்கு அவருக்கென்று சரியான பலகை வேண்டும். அவர் ஆங்கிலம் நன்றாகக் கதைப்பார், வாசிக்கத்தான் தடுமாறுவார். அளவு அட்டவணைகளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்.

"நீ படிச்ச ஆள்தானே. பாத்துச் சொல்லு."

அதற்கு முன்பே அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.

"காத்துக் குறைஞ்ச நாளையில பெரிய பலகைதானே எடுப்பம்? இங்க காத்தே இல்ல. அப்ப ஆகப் பெரிசு எடுப்பமா?"

களப்பில் பழகிய யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன். மலையில் இழுப்பது காற்றல்ல, சரிவும் நம் உடம்பின் நிறையும். பலகையின் நீளத்துக்கு ஆளின் உயரத்தைவிட நிறைதான் முக்கியம். விறைப்பான பலகை இறுகிய பனியில் வேகமாகப் போகும்போது ஆடாமல் நிற்கும். ஆனால் அதை அழுத்தி வளைக்கிற நிறை ஆளிடம் இருக்க வேண்டும். வளையாத பலகை திரும்பாது. அகலம் பாதத்தைப் பொறுத்தது. விரல்கள் வெளியே நீட்டினால் சாயும்போது பனியில் உரசி விழுத்திவிடும்.

பாதத்துக்கு, அவர் விட்டுப்போன செருப்பை அடிமட்டத்தால் அளந்தேன். நிறையை நான் கேட்கவில்லை. அறுபத்தெட்டு கிலோ. அது எனக்குத் தெரிந்ததுதானே. நூற்றைம்பத்தெட்டு சென்டிமீட்டர், நல்ல விறைப்பு என்று சொன்னேன். அவர் வாங்குவதற்கு முன் அப்படியொன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்.

"வளையுதில்ல," என்றார் மறுநாள். "கதவில ஏறி நிக்கிற மாதிரி நேராப் போகுது. ரெண்டு தரம் வேலியில போய் விழுந்திட்டன்."

"இப்ப உங்கட நிறை எவ்வளவு?"

"அதேதான்."

"தராசில ஏறிக் காட்டுங்க."

"நான் என்ன மீனா, தராசில போட?"

விடாமல் கேட்டேன். கமராவைக் கீழே திருப்பினார். தடித்த காலுறை போட்ட இரண்டு பாதங்கள், நடுவில் எண். ஐம்பத்தேழு.

தினமும் பார்க்கிற முகம்தான். கன்னம் ஒட்டியிருந்ததைக் குளிரின் மேல் போட்டிருந்தேன். தடித்த ஜாக்கெட்டுக்குள் ஆள் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

"சாப்பிடுறல்லையா?"

"சாப்பாடு நல்லாத்தான் தாராங்க. தனிய இருந்து தின்ன ஏலாது."

அன்று பின்னேரம் அரிசி கழுவும்போது ஒரு நினைப்பு வந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவர் அந்தப் பலகையிலேயே பரீட்சைக்குப் போவார். தவறினால் வீட்டுக்கு வருவார். முன்னால் இருத்தி மீனும் சோறும் போடலாம். ஆனால் வேலியும் கண்ணுக்குள் வந்தது. மறுநாளே சொல்லிவிட்டேன்: நூற்றைம்பது போதும், விறைப்பும் நடுத்தரமாக.

சரியான பலகைதான். அவர் பரீட்சையில் சித்தியடைந்தார். பனியில் கத்தியால் கீறியது போல மெல்லிய கோடு வளைந்து வளைந்து இறங்குகிற வீடியோ ஒன்று அனுப்பினார். நான் அழுதேன். எங்களோடு இருக்கிற மாமி, அவரின் தாய், அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"ரோட்டில சைக்கிள் ஓடத் தெரியாம வேலிக்குள்ள விழுந்து கிடந்தவன். இவனுக்குப் பரீட்சை வைச்சவன் ஆர்?"

சோளகம் எழும்பிவிட்டது. அவர் வரவில்லை. கோடையிலும் விடுதியில் வேலை இருக்கிறதாம். அடுத்த பனிக்கு முன் என்னையும் மகளையும் அங்கே எடுக்க அலுவல் பார்க்கிறார். அதனால்தான் மகளுக்குப் பலகை. மாமிக்கு இடமில்லை. இருந்தாலும் அந்த முழங்கால்களோடு அவர் எங்கே மலை ஏறுவது? அவருக்கு இருப்பது ஒரே மகன்.

அந்த மகன் திரும்பி வர வேண்டும் என்று மாமி தலவிலத் தேவாலயத்தில் நேர்த்தி வைத்திருக்கிறார். ஆவணித் திருநாளுக்குப் பேத்தியின் உயரத்தில் ஒரு மெழுகுதிரி. தை மாதமே பிள்ளையை நிற்கவைத்து, பாதத்திலிருந்து உச்சிவரை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு, செபமாலையோடு அலுமாரியில் வைத்துவிட்டார்.

போன ஞாயிறு மத்தியானம் மகள் பாயில் நித்திரை. நிற்கவைத்தால் ஏன், எதற்கு என்று கேட்பாள். தையல் நாடாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தேன்.

"படுத்திருக்கிற பிள்ளைய அளக்காத," என்றார் கதிரையில் சாய்ந்திருந்த மாமி. "சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி."

நாடாவைச் சுருட்டினேன். இதைக்கூட யோசிக்காமல் போனேனே.

"நூல் கிடக்குத்தானே. அத எடு."

"அது உங்கட நேர்த்தி நூல், மாமி."

"மெழுகுதிரிக்கு உச்சிவரை. பலகைக்கு எதுவரை?"

நாங்கள் தொலைபேசியில் கதைத்த எல்லாவற்றையும் அவர் அந்தக் கதிரையிலிருந்தே கேட்டிருக்கிறார். "நெஞ்சுக்கும் நாடிக்கும் நடுவில," என்று என் மோவாயைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப தலையக் கழிச்சிட்டு அளவக் குடு. எனக்கும் ஒண்டு சொல்லிவிடு. வளையாத பலகையாப் பாத்து. முழங்காலும் வளையுதில்லத்தானே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மகள் எழும்பியதும் நூலைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சு இப்போது அவள் உச்சிக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. அப்பா போன பிறகு வளர்ந்த அந்த இரண்டு விரல் அளவை அவர் கண்டதில்லை. மெழுகுதிரிக்கும் புதிதாகத்தான் அளக்க வேண்டும்.

அளவை அனுப்பினால் மாமியை இந்த வீட்டில் தனியே விட்டுப் போக நான் சம்மதித்ததாகிவிடும். அனுப்பாவிட்டால் அங்கே ஒருவர் தனியே இருந்து சாப்பிடாமல் மெலிவார். திருநாளுக்குள் ஏதாவது சொல்ல வேண்டும்.

வாசிக்கிறவர்களில் வயதானவரை விட்டுப் பிள்ளையோடு போனவர்கள் இருப்பீர்கள். போகாமல் நின்றவர்களும் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பிறகு உங்களுக்கு நித்திரை வந்ததா? நான் என்ன அளவு சொல்லட்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.