நல்லேரும் திராட்சை வரிசையும்

இங்கே கை அழுக்காக இருந்தால் மணிக்கட்டை நீட்டுகிறார்கள். காலையில் ஷெட்டுக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும் அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். என் கையில் எப்போதும் கிரீஸ். அதனால் என் முதலாளி, பத்ரோன் என்று இங்கே சொல்வார்கள், என் மணிக்கட்டைப் பிடித்துத்தான் குலுக்குவார். முதல் நாள் நாடி பார்க்கிறாரோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்த மிராசுதார் நல்ல மனிதர்தான். ஆனால் பேசும்போது நாலடி தள்ளி நிற்பார், இரண்டு வருஷத்தில் அவர் விரல் என்மேல் பட்டதில்லை. தொட்டுக் குலுக்குகிற முதலாளியின் முன்னால் எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிரான்சின் தெற்கே, நார்போன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு திராட்சைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியின் தண்ணீர் என்ஜினை நான் பழுது பார்த்த பழக்கத்தில், அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தன் உறவினருக்கு எழுதி வாங்கித் தந்த வேலை. வந்து ஏழாவது வருஷம் நடக்கிறது. தோட்டம் என்றதும் நம் ஊர்ப் பன்னீர்த் திராட்சைப் பந்தலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இடுப்பு உயரத்துக்கு முடிச்சு முடிச்சாகக் கட்டைகள், வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அந்த வரிசைகளுக்கு நடுவே நுழைவதற்கென்றே ஒல்லியாக ஒரு டிராக்டர் செய்திருக்கிறார்கள். வசந்தத்தில் உழவு, கோடையில் மருந்தடிப்பு, புரட்டாசி வாக்கில் அறுவடை. அறுவடைக்கு வாந்தாஞ்ஜ் என்று பெயர். அப்போது ஸ்பெயினிலிருந்து நாற்பது பேர் ரயிலேறி வருவார்கள். அவர்கள் பறித்துப் போடுவதைத் தொட்டியில் ஏற்றி ஒயின் ஆலைக்கு இழுத்துப் போவது என் பொறுப்பு.

வந்த புதிதில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காவிரித் தண்ணீரில் சேறாக்கி உழுது பழகியவன் நான். எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு நல்லது என்பதுதான் எனக்குத் தெரிந்த விவசாயம். கலப்பையை நன்றாக இறக்கிவிட்டு அரை நாளில் பன்னிரண்டு வரிசை உழுதேன். பத்ரோன் ஓடி வந்தார். மண்ணிலிருந்து எதையோ பிடுங்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினார். களையைக் காட்டிப் பாராட்டுகிறார் என்று நினைத்து, நன்றி சொல்ல "மெர்சி" என்றேன். அது களையில்லை, கொடியின் வேர். பன்னிரண்டு வரிசையிலும் மேல்வேரை அறுத்திருந்தேன். அவருடைய தாத்தா வைத்த கொடிகளாம். மனிதர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார், போய்விட்டார். மறுநாள் காலை வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பை நான் ஊரிலேயே செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எங்கள் ஊர் திருவானைக்காவலுக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையில். சித்திரையில் நல்ல நாள் பார்த்து, வருஷத்தின் முதல் உழவாக, நல்லேர் பூட்டுவோம். ஊரில் இருக்கிற ஏரெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஒரே வயலில் கிழக்குப் பார்த்து இறங்கும். முதல் ஏர் எங்கள் வீட்டு ஏர். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஓட்டினார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணனும் அண்ணியும்தான் என்னை வளர்த்தார்கள். எங்களுக்கு ஆறு மா நிலம் இருந்தாலும், வீடு ஓடியது அண்ணனின் ஒரு ஜோடி மாட்டால்தான். மிராசுதார் நிலத்தை உழுகிற கூலிதான் எங்கள் சோறு.

மிராசுதார் டிராக்டர் வாங்கினார். என்ஜின் கையாளத் தெரிந்தவன் என்று என்னை டிரைவராக வைத்துக்கொண்டார். அந்தச் சித்திரையில் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருந்த தன் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உன் வண்டிதான் முதல்ல எறங்கணும். பெருமாள் கிருபையில ஊருக்கே புதுசா வந்திருக்கு, பின்னாடி வந்தா நன்னாவா இருக்கும்?"

நான் சரி என்றேன். என் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. முதல் ஏர் எங்கள் வீட்டுக்கு உரியது. நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே? மாட்டின் பின்னால் அண்ணன் நடந்தால் என்ன, டிராக்டரில் நான் உட்கார்ந்தால் என்ன, மரியாதை வீட்டைவிட்டு எங்கே போகிறது என்று நினைத்தேன். அண்ணனுக்குப் பெருமையாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அதனால்தான் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

காலையில் மாட்டுக்குக் கொம்பு சீவி, மாலை போட்டு, அண்ணன் வரப்பில் தயாராக நின்றார். அவரைத் தாண்டி வயலில் இறங்கினேன். ஒரு சுற்று முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மற்ற ஏரெல்லாம் என் பின்னால் வந்துகொண்டிருந்தன. அண்ணன் மட்டும் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இருந்தோம். "அவன சாப்பிடச் சொல்லு" என்று அண்ணியிடம்தான் சொல்வார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு வருஷத்தில் மிராசுதாரின் உழவு முழுக்க டிராக்டருக்கு வந்துவிட்டது. அண்ணனின் மாடுகளுக்கு வேலை குறைந்துகொண்டே போனது. பாதிரியாரின் கடிதத்துக்குப் பதில் வந்ததும் கப்பல் ஏறிவிட்டேன். தப்பி ஓடி வந்தேன் என்று சொல்வதே சரி.

இந்த வருஷ ஆரம்பத்தில், கொடிகள் மொட்டையாக நிற்கிற குளிர்காலத்தில், முதல் முறையாக விடுமுறையில் ஊருக்குப் போனேன். கிளம்புவதற்கு முன் பத்ரோன் ஒரு பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவில் திராட்சை பறிக்க இயந்திரம் செய்துவிட்டார்களாம். வரிசையைக் கால்களுக்கிடையே விட்டு நடக்கிற மாதிரி உயரமாக நிற்கிறது. கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்த்துக்கொள்கிறது. சில வருஷத்தில் இங்கேயும் வரும், இப்போதே ஒருவரை மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்றார். களைக்கு மருந்து வந்துவிட்டதால் இனி உழவும் குறையும், டிராக்டர் மட்டும் தெரிந்தவனுக்கு வேலை இருக்காது என்றும் மறைக்காமல் சொன்னார்.

"நீ போகிறாயா, என் மருமகனை அனுப்பட்டுமா? வாந்தாஞ்ஜ் முடிவதற்குள் சொல்."

ஆக, ஊருக்குப் போனது வெறும் விடுமுறைக்காக இல்லை. அங்கேயே இருந்துவிடலாமா என்று பார்க்கத்தான் போனேன். அண்ணன் என்னோடு பேசினால் இருப்பது, பேசாவிட்டால் திரும்புவது. கப்பலில் இருபது நாளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது மலைக்கோட்டையைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "வெளியூருங்களா?" என்றார். வீட்டில் மாட்டுக் கொட்டகையில் ஒரு சைக்கிள் நின்றது. மாட்டை விற்று நாலு வருஷம் ஆகிவிட்டது என்று அண்ணி சொன்னார். கடிதத்தில் இதை எழுதவே இல்லை. அண்ணன் இப்போது காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற லாரிகளில் வாழைத்தார் ஏற்றுகிறார். எங்கள் ஆறு மாவை உழ லால்குடியிலிருந்து வாடகை டிராக்டர் வருகிறதாம், அதுவும் சொன்ன நாளில் வருவதில்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் துவாக்குடிப் பக்கம் எழும்புகிற தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். மிராசுதாரைப் பார்க்கப் போனபோது, "வந்துடு, வண்டி சும்மா நிக்கறது" என்றார்.

அண்ணி இன்னும் ஒரு படி மேலே போனார். "இங்கேயே இருந்துடுங்க தம்பி. பொண்ணு பாத்துடலாம். குளிருல கெடந்து என்னத்துக்கு அவஸ்தப்படணும்?" என்றார். அண்ணன் பத்து நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாங்கி வந்த ஸ்வெட்டரை மட்டும் தை மாசத்துக் காலைப்பனியில் போட்டுக்கொண்டு போனார்.

பதினோராவது நாள் மதியச் சாப்பாடு. அண்ணி பரிமாற, நான் அவரிடம் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் எதிரே, பாதி திரும்பி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "நாப்பது பேரு மூணு வாரம் பறிக்கிறத, அந்த மிஷினு ஒண்ணே நாலஞ்சு நாள்ல முடிச்சுடும் அண்ணி" என்றேன்.

"அந்த நாப்பது பேரு என்ன பண்ணுவாங்க?"

கேட்டது அண்ணன். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் என்னைப் பார்த்து வருகிறது.

"தெரியலண்ணே."

"நீ கேக்கலயா?"

"இல்லண்ணே."

அண்ணன் மோரை ஊற்றிப் பிசைந்தார். பிறகு சொன்னார். "என்னையும்தான் நீ கேக்கல."

அவ்வளவுதான். அண்ணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இத்தனை வருஷமும் அண்ணன் பொறாமைப்பட்டார் என்று நினைத்திருந்தேன், பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தேன். முன்னால் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. வரப்பில் நின்ற மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டிப் போனதுதான் பெரிது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் வேடிக்கையாக இருக்கும், சந்தோஷமாகவும் இருந்தது. பேசிவிட்டாரே!

"இங்கேயே இருந்துடட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்கறதுன்னா இரு. ஒன் வீடுதான்" என்றார். கை கழுவிவிட்டு வந்து, நின்றுகொண்டே தொடர்ந்தார். "ஆனா அந்த நாப்பது பேர ஒரு வார்த்தை கேக்காம வந்தீன்னா, அங்கயும் தாண்டிப் போன மாதிரிதான். போயிட்டு, கேட்டுட்டு வா."

ரயிலடிக்கு வந்தார். வாழைப்பழச் சீப்பை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "கப்பல்ல சாப்பிடு" என்றார். கப்பல் வரை அது தாங்காது என்று இருவருக்கும் தெரியும்.

போன வாரம் வாந்தாஞ்ஜ் முடிந்தது. கடைசி நாள் தோட்டத்தில் எல்லாரும் நீள மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பறிக்கிற கூட்டத்தை நடத்தி வருகிற ரெமெடியோஸ் என்ற அம்மாள் எனக்கு எதிரே இருந்தார். ஐம்பது வயதிருக்கும், குரல் நாலு வரிசைக்குக் கேட்கும். அவருக்கும் பிரெஞ்சு அரைகுறை, எனக்கும் அரைகுறை. நான் இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்ததும், அவர்களை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி பத்ரோன் என்னை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கரண்டியை வைத்துவிட்டார். இல்லை, நானாகத்தான் கேட்கிறேன், அது வந்தால் நீங்கள் எல்லாரும் என்ன செய்வீர்கள் என்று மறுபடி மறுபடி சொன்னபிறகுதான் முகம் தெளிந்தது.

தன் ஊரில் டிராக்டர் வந்து, புருஷன் கோவேறு கழுதைகளை விற்ற பிறகுதான் தான் இங்கே வர ஆரம்பித்ததாகச் சொன்னார். இதுவும் போனால் வேறு எங்காவது ஆரஞ்சு இருக்கும், ஆலிவ் இருக்கும், தேடிப் போக வேண்டியதுதான் என்றார். யாரும் இதுவரை தங்களிடம் இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"அதை யார் ஓட்டப் போகிறார்கள்?"

"நான் சரி என்றால் நான். இல்லையென்றால் பத்ரோனின் மருமகன்."

"நீயே ஓட்டு" என்றார் உடனே. பக்கத்திலிருந்த பெண்களிடம் ஸ்பானிஷில் ஏதோ சொன்னார், அவர்களும் தலையாட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "மருமகன் ஓட்டினால் வயிறு எரியும். நீ எங்கள் ஆள்."

மறுநாள் பத்ரோனிடம் சம்மதம் சொன்னேன். எந்த வருஷம் இயந்திரம் வருகிறதோ அதற்கு முந்தைய வருஷமே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சரி என்றார்.

நேற்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அண்ணி பெயருக்கு எழுதாமல் அவர் பெயருக்கே எழுதிய முதல் கடிதம். கேட்டுவிட்டேன் என்று எழுதினேன். ரெமெடியோஸின் கழுதைகளைப் பற்றி, ஆரஞ்சைப் பற்றி, பயிற்சிக்குப் போவதைப் பற்றி, அதனால் இப்போதைக்கு வர முடியாததைப் பற்றி எல்லாம் எழுதினேன். "நீ எங்கள் ஆள்" என்று அந்த அம்மாள் கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. அதை அண்ணன் சொல்வார் என்று நினைத்துத்தான் அன்றைக்கு நல்லேர் வயலில் இறங்கினேன்.