நெட்டை நிரப்பிய பதினான்கு படிவங்கள்

நெட்டை என்றால் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைப்பவளின் மகள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். இரண்டாம் ஆண்டு வந்ததும், தன்னைப்போலவே வந்து திருதிருவென்று விழிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் துணையிருக்கும் திட்டத்தில் தானே போய்ப் பெயர் கொடுத்தாள்.

அவளிடம் ஒப்படைத்தது ஒரு லாரி ஓட்டுநரின் மகளை. கணக்கில் புலி, வகுப்பில் மட்டும் வாயே திறக்கமாட்டாள். நெட்டை அவளை நூலகத்துக்கு இழுத்துப் போனாள், ஆய்வகக் குறிப்பு எழுதப் பழக்கினாள், விடுதியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைத்தாள். மூன்றாம் வாரம்தான் அந்தப் பெண் மனம் திறந்தாள்.

"அக்கா, சார் பேசுறது பாதி புரியல. பாத்ரூமுக்குள்ள போய் அழுதுட்டு வர்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சே, நான் போய் சொல்வேனா?"

அந்தப் பெண்ணைப் பற்றி நெட்டை வாராவாரம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "எதையும் மறைக்காம எழுதும்மா, அப்பதான் உதவ முடியும்" என்றார் திட்டத்தைக் கவனித்த பேராசிரியை. தனிவகுப்பு வைப்பார்கள் என்று நம்பி, அழுகை உட்பட ஒன்றுவிடாமல் எழுதினாள் நெட்டை.

பருவத் தேர்வில் அந்தப் பெண் எல்லாப் பாடத்திலும் தேறினாள். ஆனாலும் திட்டத்தின் குழு கூடி, மனத்தளவில் அவள் பட்டப்படிப்புக்குத் தயாரில்லை என்று சொல்லி, ஓராண்டு அலுவலக உதவியாளர் பயிற்சி வகுப்புக்கு மாற்றிவிட்டது.

நெட்டை ஓடினாள். "மேடம், அவ பாஸ் பண்ணியிருக்கா!"

பேராசிரியை பதினான்கு படிவங்களை மேசையில் பரப்பினார். "உன் கையெழுத்துதானே? இதை வச்சுத்தான் முடிவு பண்ணினோம். ரொம்ப உதவியா இருந்துச்சு."

அந்தப் பெண் விடுதியைக் காலிசெய்த அன்று, வாசலில் அவள் பெட்டியைத் தூக்க நெட்டை கை நீட்டினாள். அந்தப் பெண் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

அக்கா என்ற சொல் அதில் இல்லை.

ஆண்டு விழாவில் சிறந்த துணை மாணவி என்று நெட்டைக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். விடுப்பெடுத்து வந்திருந்த அம்மா கை சிவக்கத் தட்டினாள்.

அடுத்து வந்த புதுப்பெண்ணிடம் நெட்டை முதல் நாளே சொன்னாள்: "என்கிட்ட எதையும் சொல்லாதே. அழுகை வந்தா அடக்கிக்கோ."

மிரண்டுபோன அந்தப் பெண், தான் வந்த அன்றே அக்கா மிரட்டுகிறார் என்று புகார் எழுதிக் கொடுத்தாள். நெட்டையைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

"உன்கிட்ட இதை எதிர்பார்க்கலம்மா" என்றார் பேராசிரியை, உண்மையான வருத்தத்தோடு.