மஞ்சள் அட்டைப் புத்தகத்தின் பலஸ்ருதி

மட்டாஞ்சேரியில் செர்ளாய்ப் பக்கம் போய் கனகாம்பாள் மாமி வீடு எது என்று கேட்டால், "தமிழ் வாசிக்குமே, அந்த மாமியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே தமிழ் பேசுகிற குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை, வாசிக்கத்தான் ஆளில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். கனகாம்பாள் மட்டும் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, படித்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சஹஸ்ரநாமமா, பஞ்சாங்கத்தில் நல்ல நேரமா, கூப்பிடு மாமியை. கணீரென்ற குரலில் நிறுத்தாமல் வாசிப்பாள். பாராயணத்தின் நடுவே நிறுத்தி அர்த்தம் கேட்பது அபசாரம் என்று வளர்ந்தவள். கடைசியில் பலஸ்ருதி வரும். இதைப் படித்தவர்களுக்கு நோய் தீரும், பிள்ளை பிறக்கும் என்று பலன் சொல்லும் பகுதி. அதையும் முடித்து, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடிவிடுவாள்.

இதில் என்ன குற்றம் என்கிறீர்களா? ஒன்றுமில்லை, கையில் இருப்பது சுலோகப் புத்தகமாக இருக்கும் வரை.

அவள் கணவர் வெங்கிடராமனை ஊரே வெங்கிட்டு என்றுதான் கூப்பிடும். பஜாரில் மிளகும் சுக்கும் வாங்கி விற்கும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் மலையாளப் பேப்பர் வந்ததும் அதோடு சண்டை ஆரம்பித்துவிடும். "யார் சொன்னா? இவன் நேர்ல போய்ப் பார்த்தானோ? பச்சைப் பொய்யாக்கும்!" காபி ஆறிப்போகும், சண்டை ஆறாது. இப்பேர்ப்பட்ட மனுஷர் தமிழ் அச்சைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு விடுவார். அந்த வீட்டுக்குள் தமிழ் எழுத்தில் வந்ததெல்லாம் சுலோகமும் பஞ்சாங்கமும்தானே! அதோடு யாராவது வாதாடுவார்களா?

எர்ணாகுளத்தில் ஓர் உபன்யாசத்துக்குப் போனபோது வாசலில் மேஜை போட்டு அந்தப் புத்தகத்தை விற்றார்கள். மஞ்சள் அட்டை, மேலே ஓம், உள்ளே தமிழ். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையே வேண்டாம், ஒரு கஷாயமும் சில விரதங்களும் போதும் என்று சொன்ன புத்தகம். வெங்கிட்டுவுக்குப் பல வருஷச் சர்க்கரை. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு கனகாம்பாள் வாசித்தாள், அவர் கண்ணை மூடிக் கேட்டார். பின்பக்கங்களில் குணமானவர்களின் கடிதங்கள். அங்கே வந்ததும் அவள் குரல் தானாகவே பலஸ்ருதி ராகத்துக்கு ஏறிவிட்டது. முடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்போ இத்தனை நாள் மாத்திரை தின்னது மதி, போறும்," என்றார் வெங்கிட்டு. மறுநாள் முதல் மாத்திரை அலமாரிக்குள் போயிற்று, கஷாயம் அடுப்பில் ஏறிற்று.

முதலில் அவளுக்குப் பெருமைதான், சொல்லாமல் என்ன. பார்க்கிறவர்கள் எல்லாம், "வெங்கிட்டு ஸ்வாமி, மெலிஞ்சு ஜோராயிட்டேளே!" என்றார்கள். ஆனால் மெலிவு நிற்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், குடித்ததும் மறுபடி தாகம் என்றார். கட்டில் காலில் இடித்துக்கொண்ட கால் பெருவிரலில் சின்னதாக ஒரு புண் வந்தது. மஞ்சள் வைத்தாள், ஆறவில்லை. ஓரம் கறுத்தது.

களமசேரியில் வேலை பார்க்கும் மகள் ஸுப்ரியா தினமும் போன் பண்ணுவாள். "அம்மா, அப்பா மாத்திரை சாப்டறாரோ?"

"ம்ம்," என்பாள் கனகாம்பாள். அந்த ஒரு 'ம்ம்' சொல்லிவிட்டுப் போனை வைத்தால் அப்புறம் சாதம் இறங்காது. உண்மையைச் சொன்னால் மகள் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள், அப்பாவும் பெண்ணும் கத்திக்கொள்வார்கள், அவர் பிடிவாதம் இன்னும் இறுகும். இதெல்லாம் சால்ஜாப்பு என்று அவளுக்கே தெரியும். வாசித்தது யார் என்று மகள் கேட்டுவிடுவாளே என்பதுதான் நிஜமான பயம்.

ஒரு மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தாள். சந்தேகப்பட்டு எடுக்கவில்லை பாவம், புண்ணுக்கு ஆறுதலாக ஏதாவது போட்டிருக்குமா என்று பார்க்கத்தான். போட்டிருந்தது. 'புண் வந்தால் அஞ்ச வேண்டாம். உள்ளிருக்கும் நஞ்சு வெளியேறும் வழி அது.' அப்பாடா என்றிருந்தது. எத்தனை நாளில் ஆறும் என்று தேடினாள். அது மட்டும் எங்கேயும் இல்லை. பக்கங்களைப் பின்னாலே திருப்பினாள். 'தாகம் குறைந்தால் குணமாகிறது என்று அறிக.' அதற்குக் கீழேயே, 'தாகம் கூடினால் உடல் தன்னைக் கழுவிக்கொள்கிறது, அதுவும் குணத்தின் அடையாளமே.'

அங்கே நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, அச்சடித்த தமிழுக்கு நடுவே நின்றாள்.

குறைந்தாலும் குணம், கூடினாலும் குணம். புண் ஆறினாலும் குணம், ஆறாவிட்டாலும் குணம். அப்படியானால் குணமாகவில்லை என்றால் எப்படி இருக்கும்? அதற்கு என்ன அடையாளம்? இந்த மனுஷர் செத்தே போனாலும் இது 'ஆத்மா குணமாகிறது' என்று சொல்லுமோ? நினைத்த மாத்திரத்தில் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் கேள்வி போகவில்லை. எழுதினவர் யார் என்று பார்த்தாள். ஒரு குருஜி, அவ்வளவுதான். எங்கே படித்தார், யாருக்கு வைத்தியம் பார்த்தார், ஒரு வரி கிடையாது. கடிதங்களைப் பார்த்தாள். சென்னை மாமி, மதுரை அதிகாரி, கோவை ஆசிரியை. ஊர் இருக்கிறது, பேர் இல்லை. மூன்று பேரும் 'புத்துயிர் பெற்றேன்' என்று ஒரே மாதிரி முடித்திருந்தார்கள். இதையெல்லாம் அன்றைக்கே பார்த்திருக்கலாமே, இதே கண்ணால்தானே வாசித்தோம் என்று நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அவர் எழுந்ததும் காபியை வைத்தாள். "ஏன்னா, டாக்டர்கிட்டே போலாம். காலைக் காட்டலாம்."

"என்னத்துக்கு? விஷம் வெளியே போறதுன்னு புஸ்தகத்துலயே இருக்குமே. வாசி."

வாசித்தாள். தாகம் கூடினால் என்ற வரியில் நிறுத்தி, "ஏன்னா, இது எப்படி நியாயம்? ரெண்டு பக்கமும் குணம்னா?" என்றாள்.

"நடுவுல நிறுத்தாதே, வாசி!"

"சாக்குல மேலாப்புல இருக்கிற மிளகை மட்டும் பார்த்தா நீங்கோ வாங்குவேள்?"

"மிளகும் என் தேகமும் ஒண்ணோ?" அவர் முகம் சிவந்துவிட்டது. "அன்னிக்கு நீதானே வாசிச்சே? நீ வாசிச்சதாலே நம்பினேன். இன்னிக்கு மாத்திச் சொன்னா நான் எந்தக் கனகத்தை நம்பறது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. "ரெண்டு பேரையும் நம்பாதேங்கோ. நான் அன்னிக்கு வாசிச்சேன், யோசிக்கலை. தொண்டை மட்டும் வாசிச்சுது. தினம் அந்த மலையாளப் பேப்பர்கிட்டே கேக்கறேளே, யார் சொன்னா, எங்கே பார்த்தான்னு? அதையே இதுகிட்டேயும் கேளுங்கோ. என்கிட்டேயும் கேளுங்கோ. கேட்டுட்டு அப்புறம் நம்புங்கோ, நான் வாயே திறக்கலை."

வெளியே ஆட்டோக்காரன் யாரையோ திட்டிக்கொண்டு போனான். வெங்கிட்டு தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அந்தக் கடுதாசியெல்லாம் குணமானவாதானே எழுதியிருக்கா?" என்றார்.

"ஆமா."

"குணமாகாதவா ஒருத்தரும் எழுதலையோ?"

"இல்லை. ஒண்ணுகூட இல்லை."

"அப்படி ஒருத்தரும் இல்லாமலா இருந்திருப்பா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "இருந்திருப்பா, கனகம். போய்ச் சேர்ந்தவா எப்படிக் கடுதாசி போடுவா?"

இத்தனை நாள் அவள் ஒருத்தி மட்டும் பயந்துகொண்டிருந்தாள். இப்போது அவரும் பயந்துவிட்டார், அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஸுப்ரியாவுக்குப் போன் போட்டு, "அப்பா மாத்திரை சாப்பிடலை, நான்தான் பொய் சொன்னேன், நேரே ஆஸ்பத்திரிக்கு வா," என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்தாள். வாசலுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள்.

திரும்பிப் பார்த்தால் வெங்கிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"கனகம், கொஞ்சம் குனிஞ்சு பாரேன். வலது கால்ல செருப்பு இருக்கோ? மாட்டினேனோ இல்லையோன்னு எனக்குத் தெரியமாட்டேங்கறது."

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு மேல்படியிலேயே கிடந்தது. அவருடைய வெறும் கால் வெயிலில் கொதிக்கும் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது.